ரண சிகிச்சையும் தேகபலப் பரீக்ஷையும்

பரீக்ஷை என்னும் சொல் இப்பத்திரிகையைப் படிக்கும் மாணவர்க்கு உவப்பான சொல்லன்று. ஆண்டின் இறுதியில் மூன்று மணி நேரம் ஓரிடத்திலிருந்து எழுதி முடித்துவிட்டால் அப்பாற் கவலையில்லை என்று அவர்கள் ஆறுதல் கொள்கிறார்கள். ஆனால் கலாசாலையை விட்டுச் சென்று முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்தபின், எழுதுகோல் வேண்டாத வேறொரு பரீக்ஷை நம்மிற் பலருக்குக் காத்திருக்கிறது. வயிற்றிலோ மார்பிலோ பெரியதொரு ரண சிகிச்சை செய்துகொள்ள நேரும் காலத்தில், இவ்வுடம்பு அதைத் தாங்குமா என்று கேட்கும் பரீக்ஷையே அது. அதனை இந்நாளில் நம் ஊர்களில் எவ்வாறு நடத்துகிறோம், பிற நாடுகளில் எவ்வாறு நடத்தக் கற்றிருக்கிறார்கள் என்பதைக் குறித்துச் சில சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன். நான் வைத்தியனல்லன்; ரசாயன சாஸ்திரம் கற்பிப்பவன். ஆயினும் இவ்விஷயத்தில் எனக்கு உரிமை தந்த காரணம் ஒன்று உண்டு. அதைப் பின்னர்க் கூறுவேன்.

நம் நாட்டிற் பெரிய ரண சிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் நோயாளியை மற்றொரு வைத்தியரிடம் அனுப்பி, "பிட்னஸ்" வாங்கி வரும்படி சொல்வது வழக்கம். இச்சொல் இப்போது பாமரர் நாவிலும் பயில்கின்றது. இருதய மின்படம் ஒன்று, இருதயத்தை ஒலியலையாற் காட்டும் படம் ஒன்று, மார்பின் எக்ஸ்ரே படம், இரத்தத்தில் உள்ள சர்க்கரை உப்பு முதலியவற்றின் அளவு ஆகிய இவற்றையெல்லாம் பார்த்தபின் ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கிறார்கள். இச்சோதனைகள் வேண்டாதவை என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றும் ஒவ்வோர் உண்மையைத் தெரிவிப்பதே. ஆனால் இவையனைத்திற்கும் பொதுவாகிய குறை ஒன்றுண்டு. நோயாளி படுத்திருக்கும்போதோ உட்கார்ந்திருக்கும்போதோ இவை எடுக்கப்படுகின்றன. நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றிவந்து, அச்சாணி உளதா, சக்கரம் செம்மையாயிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இவ்வண்டி மலையேறும்" என்று சொல்வதை இது ஒக்கும்.

மூன்றாண்டுகளுக்கு முன் என் சிறிய தகப்பனாருக்குப் பெருங்குடலிற் புற்று என்று தெரிந்தது. அவர் 36 ஆண்டுகள் பள்ளிக்கூடத்திற் கணக்குக் கற்பித்து ஓய்வு பெற்றவர். அப்போது வயது 69. மெலிந்த தேகம், நிமிர்ந்த நடை, கணீரென்ற குரல். அவரைக் கண்டோர் யாவரும், "ஐயாவுக்கு என்ன, இரும்பு உடம்பு" என்றே சொல்லுவர். ரண சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. "பிட்னஸ்" வாங்க நானே உடன் சென்றேன். மின்படம் முதலியவற்றைப் பார்த்த வைத்தியர், முகம் நிமிராமலே, "மாடி ஏறுவீர்களா ஐயா?" என்று கேட்டார். "ஏறுவேனே" என்றார் சிற்றப்பா. அவ்வளவே உரையாடல், தாளிற் கையெழுத்து விழுந்தது. சிற்றப்பா பொய் சொன்னாரல்லர். அவர் வீட்டில் மாடி இல்லை. ஏறிப் பார்த்துப் பல நாளாயிற்று என்பது அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ரண சிகிச்சை குற்றமின்றி நடந்தது. மூன்றாம் நாள் மார்பிற் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் மூச்சு விடுவதற்கு இயந்திரத்தின் துணை வேண்டியதாயிற்று. இருபத்தோராம் நாள் காலமானார். அவரைக் கொண்டுபோனது புற்றும் அன்று, கத்திபட்ட ரணமும் அன்று. காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்தபின் ஒரு மாலை என் சிறிய தாயார் என்னிடம் சொன்னார்: "தம்பி, அவர் கடைத்தெருவுக்குப் போவதை விட்டு ஆறு மாதமாயிற்று. பாலத்து மேட்டில் இரண்டு தரம் நின்று நின்றுதான் ஏறுவார். என்னை ஒருவரும் கேட்கவில்லையே, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே."

அந்த ஆஸ்பத்திரியாரைக் குறை கூறுவது என் கருத்தன்று; அவர்கள் வழக்கப்படி செய்தார்கள். அவ்வழக்கைத்தான் ஆராயவேண்டும் என்கிறேன்.

உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்த்து அவன் ரண சிகிச்சையைத் தாங்குவானா என்று சொல்வது ஏன் அரிது? காரணம் எளிதே. நாம் சும்மா இருக்கும்போது உடம்பின் எடையில் கிலோ ஒன்றுக்கு நிமிஷந்தோறும் சுமார் 3.5 மில்லிலிட்டர் பிராணவாயு நமக்கு வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர்க்கு நிமிஷத்திற்கு 210 மில்லிலிட்டர் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய ரண சிகிச்சைக்குப்பின் இத்தேவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. கிழிபட்ட தசை ஆறவேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் வரலாம். வலியோடு இருமிச் சளியை வெளிப்படுத்த வேண்டும். இவ்வதிகச் செலவு ஒரு மணி நேரத்தில் முடிவதாயின் யாரும் தாங்கிவிடுவர். அது இரவும் பகலுமாகப் பல நாள் தொடர்கிறது. நோயாளி கட்டிலிற் படுத்திருப்பதைக் கண்டு அவர் இளைப்பாறுவதாக நாம் எண்ணுகிறோம். உள்ளே அவருடைய இருதயமும் நுரையீரலும் மேட்டு வழியில் நடந்துகொண்டே இருக்கின்றன. கையிருப்பு உள்ள உடம்பு இதைக் கொடுத்துத் தீர்க்கும். இல்லாத உடம்பு எங்கேனும் ஓரிடத்தில் முறியும். அக்கையிருப்பு எவ்வளவென்பதை அறிய வேண்டுமானால் உடம்பைச் சிறிது உழைக்கவைத்துத்தான் பார்க்கவேண்டும்.

இப்படி உழைக்கவைத்து அளக்கும் முறைகளில் நுண்ணியது எது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனெனில் இது எங்கள் ரசாயனத்தின் பாற்பட்டது. நோயாளியை ஓரிடத்தில் நிற்கும் ஸைக்கிளில் ஏற்றி, மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி ஒன்றை அணிவித்து, மார்பில் மின்படக் கம்பிகளையும் ஒட்டுகிறார்கள். முதலிற் பாரமின்றி மிதிக்கச் சொல்லிப் பின்பு நிமிஷந்தோறும் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள். எட்டு முதற் பன்னிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். உள்ளே செல்லும் பிராணவாயுவும் வெளியே வரும் கரியமிலவாயுவும் ஒவ்வொரு மூச்சிலும் அளக்கப்படுகின்றன. தொடக்கத்தில் இவ்விரண்டும் ஒத்த கதியில் உயரும். உழைப்பு ஓரெல்லையைக் கடந்தவுடன், தசைகளுக்குக் கிடைக்கும் பிராணவாயு தேவைக்குப் பற்றாமற்போகவே, லாக்டிக் அமிலம் மிகுதியாய் உண்டாகி இரத்தத்தில் இறங்குகிறது. இரத்தத்திலுள்ள பைகார்பனேட் அதை எதிர்த்துத் தணிக்கிறது. சோடா உப்பின்மேல் எலுமிச்சஞ் சாற்றைப் பிழிந்தால் நுரைத்தெழுவது எதுவோ, அந்தக் கரியமிலவாயுவே இங்கும் உண்டாகி மூச்சோடு வெளிவருகிறது. ஆகவே அவ்வெல்லையில் கரியமிலவாயுவின் கோடு பிராணவாயுவின் கோட்டைவிட்டு மேலே விலகும். இவ்வாறு வெளிமூச்சைக்கொண்டே உள்ளே நிகழும் பற்றாக்குறையைக் கண்டறியலாம் என்று 1964-ஆம் ஆண்டில் வாஸர்மன், மக்கில்ராய் என்னும் இருவர் எழுதினார்கள். இவ்வெல்லையின் சிறப்பு என்னவெனில், அதனை எட்டுவதற்கு நோயாளி தன் முழுப்பலத்தையும் செலவிட வேண்டியதில்லை. ஊக்கங் குன்றியவரும், பயந்தவரும், முதியவரும் அதைக் கடந்து காட்டுவர். மனம் வைத்து உழைத்தாரா இல்லையா என்ற ஐயம் இதிற் குறைவு. எழுத்துப் பரீக்ஷைக்கு இப்படியொரு நற்குணம் இருந்தால் உபாத்தியாயர்களாகிய எங்கள் வேலை எவ்வளவோ குறையும்!

இக்கருவியை ரண சிகிச்சைக்கு முற்பட்ட சோதனையாகக் கொண்டுவந்து புகழ்பெற்றவர், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரைச் சார்ந்த புட்ஸ்கிரே என்னுமிடத்து ஆஸ்பத்திரியிலிருந்த டாக்டர் பால் ஓல்டர் என்பவர். வயிற்றிற் பெரிய ரண சிகிச்சைக்கு வந்த, 60 வயதிற்கு மேற்பட்ட 187 பேரை அவரும் அவருடைய துணைவரும் ஸைக்கிளில் ஏற்றிப் பார்த்து, 1993-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். பற்றாக்குறை எல்லை கிலோவுக்கு நிமிஷத்திற்கு 11 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேற்பட்டிருந்தவர் 132 பேர். அவர்களில் இருதயக் கோளாற்றால் இறந்தவர் ஒருவரே. எல்லை 11-க்குக் குறைந்தவர் 55 பேர். அவர்களில் இறந்தவர் 10 பேர், அதாவது நூற்றுக்கு 18 பேர். எல்லை குறைந்திருந்ததோடு மிதிக்கும்போது இருதயத்திற்கு இரத்தம் போதாமையும் மின்படத்திற் காணப்பட்டவர் 19 பேர். அவர்களில் 8 பேர் இறந்தனர். இவர்களனைவரும் ரண சிகிச்சைக்குத் தக்கவரென்று கருதப்பட்டு அனுப்பப்பட்டவர்களே என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

ஓல்டர் செய்த அடுத்த காரியம் எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. எல்லை குறைந்தவர்களை அவர் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. அவர்களுக்கு ரண சிகிச்சை முடிந்தவுடன் தீவிர சிகிச்சைப் பகுதியில் இடம் வைத்தார். இடைப்பட்டவர்களை இடைத்தரமான கவனிப்பில் வைத்தார். எல்லை உயர்ந்தவர்களைப் பொது வார்டுக்கு அனுப்பினார். 548 பேரை இவ்வாறு பிரித்து நடத்திய வரலாறு 1999-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பொது வார்டுக்குத் தகுதியென்று சோதனையால் முடிவு செய்யப்பட்டவர்களில் ஒருவரும் இருதய நுரையீரற் கோளாற்றால் இறக்கவில்லை. தீவிர சிகிச்சைப் பகுதியின் கட்டில்கள் எந்த நாட்டிலும் குறைவே. அவற்றை உரக்கக் கேட்பவர்க்கும் பணமுள்ளவர்க்கும் கொடுப்பதினும் வேண்டியவர்க்குக் கொடுப்பது அறம். வேண்டியவர் யார் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி கிடைத்தது.

இங்கே ஒருவர் எழுந்து, "அனுபவமுள்ள வைத்தியர் நோயாளி அறைக்குள் நடந்து வருவதைக் கண்டே பலத்தைக் கணித்துவிடுவாரே, இத்தனை கருவி எதற்கு?" என்று கேட்கக்கூடும். நானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். வைத்தியரின் கண்ணையே பரீக்ஷை செய்த பெரிய ஆராய்ச்சி ஒன்று 2018-ஆம் ஆண்டில் "லான்ஸெட்" பத்திரிகையில் வெளியாயிற்று. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூஸீலாந்து ஆகிய நாடுகளிலுள்ள 25 ஆஸ்பத்திரிகளில், இருதயம் அல்லாத பெரிய ரண சிகிச்சைக்கு வந்த 1401 பேரை ஆராய்ந்தார்கள். ஒவ்வொருவருடைய பலத்தையும் மயக்கமருந்து வைத்தியர் முதலிற் கேட்டும் பார்த்தும் மதிப்பிட்டார். பின்பு ஸைக்கிளில் உண்மை அளக்கப்பட்டது. ஒரு மாடி ஏறுவதற்கொப்பான உழைப்பு, அதாவது ஓய்விலிருக்கும்போது வேண்டுவதைப்போல் நான்கு மடங்கு, செய்ய இயலாதவர்களாக ஸைக்கிளிற் கண்டவர்களில், வைத்தியரின் கண் அவ்வாறே கண்டுகொண்டது நூற்றுக்கு 19 பேரைத்தான். எஞ்சிய 81 பேரைப் பலமுள்ளவரென்றே எண்ணிவிட்டார்கள். என் சிற்றப்பாவின் நினைவு எனக்கு வந்ததில் வியப்பில்லை. நிமிர்ந்த நடையும் கணீரென்ற குரலும் பத்தடி தூரத்திற்குப் போதுமானவை. பாலத்து மேட்டிற்குப் போதா.

அதே ஆராய்ச்சியிற் கிடைத்த மற்றொரு செய்தி எளியவர்க்கு ஆறுதலாவது. ரண சிகிச்சைக்குப்பின் ஒரு மாதத்திற்குள் மரணமோ இருதயச் சேதமோ நேருமா என்பதை முன்னறிவிப்பதில் வைத்தியரின் மதிப்பீட்டைக் காட்டிலும் பயன்பட்டது, பன்னிரண்டு கேள்விகளடங்கிய ஒரு தாள். 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையார் இயற்றியது அது. தானே உடுத்திக்கொள்வீர்களா, வீட்டிற்குள் நடப்பீர்களா, தெருவில் நடப்பீர்களா, மாடி ஏறுவீர்களா, தரை துடைப்பீர்களா, கனமான சாமானை நகர்த்துவீர்களா என்று படிப்படியாகக் கேட்டு ஒவ்வொன்றிற்கும் எண் கொடுக்கும். முழு எண் 58.2. கூட்டிய தொகை 34-க்குக் குறையுமாயின் கவலைப்பட இடமுண்டு என்று 2020-ஆம் ஆண்டில் அதே ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். ஸைக்கிளில் அளந்த உச்சப் பிராணவாயு அளவோ, ரணத்தில் நஞ்சேறுதல், நுரையீரற் கோளாறு முதலிய மற்றக் கஷ்டங்களை முன்னறிவிப்பதிற் பயன்பட்டது. ஆகவே தாளும் வேண்டும், ஸைக்கிளும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்காது.

அத்தாளின் கேள்விகளுள் சில நமக்குப் பொருந்தா என்பதையும் சொல்லிவிடவேண்டும். கோல்ப் ஆடுவீர்களா, பனியிற் சறுக்குவீர்களா என்று நம் பாட்டியரைக் கேட்பதில் என்ன பயன்? தெருக் குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்து வீடுவரை நிற்காமற் கொண்டுவருவீர்களா, மாவரைக்க உட்கார்ந்தால் எத்தனை நேரம் உட்காருவீர்கள், பேருந்தின் படியில் கைப்பிடி இல்லாமல் ஏறுவீர்களா என்று நம் வழக்கத்திற்கேற்ப மாற்றி, மாற்றிய தாளையும் ஸைக்கிளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவேண்டும். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. அன்றியும், நோயாளியை மட்டும் கேட்டு நிறுத்தக்கூடாது. வீட்டிலிருப்பவர் வாக்குமூலத்தையும் வாங்கவேண்டும். ஆண்மக்கள் தங்கள் இளைப்பை மறைப்பதிற் சமர்த்தர். மறைப்பது தமக்கே தெரியாமல் மறைப்பவர்.

ஸைக்கிளும் முகமூடியும் இல்லாத ஊர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. 2001-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், மார்பிலும் வயிற்றிலும் ரண சிகிச்சைக்கு வந்தவர்களை இயன்றமட்டும் மாடி ஏறச் சொன்னார்கள். ஒரு மாடி ஏற இயலாதவர்களில் நூற்றுக்கு 89 பேர்க்குப் பின்னர் இருதய நுரையீரற் கஷ்டம் நேர்ந்தது. ஏழு மாடி ஏறினவர்களில் ஒருவர்க்கும் நேரவில்லை. நுரையீரலின் பகுதியை அகற்றும் ரண சிகிச்சைக்கு முன் மாடிப் படி ஏற்றத்தைச் சோதனையாகக் கொள்வதை அமெரிக்க மார்புநோய் வைத்தியர் சங்கத்தார் 2013-ஆம் ஆண்டு விதிகளில் ஏற்றிருக்கிறார்கள். 22 மீட்டர் உயரம் ஏறினவர்க்கு ஆபத்துக் குறைவு என்பது அவர்கள் கணக்கு. ஆறு நிமிஷ நடை மற்றொன்று. 30 மீட்டர் நீளமுள்ள தாழ்வாரத்தில் இரு முனையிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிஷத்தில் நோயாளி எவ்வளவு தூரம் போய்வருகிறார் என்று அளப்பது. நாழிகை காட்டும் கடிகாரமும் ஒரு நாற்காலியுமே செலவு. நாற்காலி, இடையில் உட்கார வேண்டியவர்க்காக.

இனி, இச்சோதனைகளுக்கு மாறாகச் சொல்லப்படும் நியாயங்களையும் மறைக்கலாகாது. முதலாவது, 11 என்னும் எண்ணைப் பலர் மந்திரம்போற் சொல்லுகிறார்கள். அது 187 பேரிலிருந்து, அவர்களுள்ளும் 11 மரணங்களிலிருந்து பிறந்த எண். அதற்குப் பிந்திய ஆராய்ச்சிகள் சற்று வேறான எண்களைக் கண்டன; கோடு விலகும் இடத்தை இரண்டு வைத்தியர் பார்த்தால் சில சமயம் இரண்டிடங்களைக் காட்டுவர். உடம்பின் எடையால் வகுப்பதனால் பருத்தவர்க்கு அநீதி நேர்கிறது. முழங்கால் வாதமுள்ள மூதாட்டி ஸைக்கிள் மிதிக்க இயலாமல் இறங்கினால், அது அவள் இருதயத்தின் குற்றமா, முழங்காலின் குற்றமா? வாழ்நாளில் ஸைக்கிள் ஏறியறியாத நம் கிராமத்துப் பெண்மக்களுக்கு மிதிப்பதே புதுமை. மேலும் பழைய ஆராய்ச்சிகளிற் பலவற்றில் சோதனை முடிவை வைத்தியர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்தவர் பலவீனரைக் கூடுதலாகக் கவனித்திருப்பர். அதனால் சோதனையின் உண்மையான வலிமை இவ்வளவென்று தெளிவாய்த் தெரியாமற் போகும். 2018-ஆம் ஆண்டு ஆராய்ச்சியில் முடிவை வைத்தியர்க்குக் காட்டாமல் மறைத்து வைத்தது இக்காரணம் பற்றியே.

இவற்றையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு மிகுந்த அச்சம் தருவது இவையல்ல. எண் ஒன்று கையிற் கிடைத்தால் அதை வாசற் கதவாக்கிவிடும் மனப்பான்மை நமக்கு உண்டு. நூற்றுக்கு 35 எடுத்தவன் தேறினான், 34 எடுத்தவன் தோற்றான் என்று வாழ்நாள் முழுதும் மாணவரைப் பிரித்துப் பழகியவன் நான். அப்பழக்கத்தின் கொடுமையை அறிவேன். தங்கள் ஆஸ்பத்திரியின் மரணக் கணக்குக் குறையவேண்டும் என்னும் எண்ணமுடைய ஒருவர், எல்லை குறைந்தவர்களையெல்லாம் "உங்களுக்கு ரண சிகிச்சை ஆகாது" என்று திருப்பி அனுப்பத் தொடங்கினால், கணக்கு அழகாயிருக்கும். மனிதர்கள் வீட்டில், புற்றோடு, கணக்கிற் சேராமல் இறப்பார்கள். ஓல்டருடைய எண்களையே திருப்பிப் படித்துப் பாருங்கள். எல்லை குறைந்த 55 பேரில் 45 பேர் இருதயக் கோளாற்றால் இறக்கவில்லை. அந்த 45 பேரையும் வாசலில் நிறுத்தியிருந்தால் அவர்களுடைய நோய்க்கு யார் விடை சொல்வது?

ஆதலால் இச்சோதனையின் முடிவு மூன்றிடத்திற் பயன்படவேண்டும் என்பது என் துணிபு. ரண சிகிச்சைக்குப்பின் நோயாளியை எங்கே கிடத்துவது என்பதை முன்னரே சொன்னேன். இரண்டாவது, நோயாளியிடம் உண்மை பேசுவது. "உங்களைப்போன்ற பலமுள்ளவர் நூறு பேரில் இத்தனை பேருக்குக் கஷ்டம் நேர்கிறது, சிறிய சிகிச்சை ஒன்று உண்டு, அதிற் பயன் குறைவு, ஆபத்தும் குறைவு, எது வேண்டும்?" என்று கேட்டால், விடை சொல்ல நம் முதியோர் வல்லவர்கள். என் சிற்றப்பா கணக்கு வாத்தியார். எண்களைக் கண்டு மருண்டவரல்லர். அவரிடம் ஒருவரும் எண்களைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் ரண சிகிச்சையையே தேர்ந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தேர்ந்தவர் அவராயிருந்திருப்பார். சோதனை நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் எங்கும் சொல்லமாட்டேன். அதை அறிவார் ஒருவருமிலர்.

மூன்றாவது பயன், குறைந்த பலத்தைக் கூட்டுவது. ரண சிகிச்சைக்கு நாள் குறித்ததற்கும் அந்நாள் வருவதற்கும் இடையே சில வாரம் கழிவது எங்கும் உண்டு. அவ்வாரங்களை நோயாளி படுக்கையிற் கழிக்கிறார். உறவினர் அவரை அசையவிடுவதில்லை. "ஓய்வெடுங்கள்" என்பதே உபசாரமாகிவிட்டது. ஓய்வு இங்கே பகை. பார்ஸெலோனா நகரத்தில் வயிற்றிற் பெரிய ரண சிகிச்சைக்குக் காத்திருந்த ஆபத்து மிக்க நோயாளிகள் 125 பேரில் ஒரு பாதியார்க்குத் தக்க உடற்பயிற்சியும் நடையும் கற்பித்துப் பார்த்தார்கள். 2018-ஆம் ஆண்டில் வெளியான அதன் முடிவின்படி, பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 62 பேருக்குப் பின்கஷ்டங்கள் நேர்ந்தன. பெற்றவர்களில் 31 பேருக்கே நேர்ந்தன. 2023-ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, பெருங்குடற் புற்றுக்காக ரண சிகிச்சை செய்துகொண்ட 251 பேரைப்பற்றியது. நான்கு வாரம், வாரத்திற்கு மூன்று நாள் கடுமையான பயிற்சி, புரதமிகுந்த உணவு, மனத்தைத் தேற்றும் பேச்சு, புகை பிடிப்போர்க்கு அதைவிடத் துணை ஆகிய இவ்வளவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். கடுமையான பின்கஷ்டங்கள் பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 29.7 பேர்க்கும், பெற்றவர்களில் 17.1 பேர்க்கும் நேர்ந்தன. கொரோனாத் தொற்றுக் காலம் குறுக்கிட்டமையால் எண்ணியிருந்த தொகையைச் சேர்க்காமலே இவ்வாராய்ச்சியை நிறுத்தவேண்டியதாயிற்று; ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளாமல் நல்ல தொடக்கமாகக் கொள்ளலாம். நான்கு வாரத்திற் பெருங்குடற் புற்று ஓடிவிடுமோ என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்திற்கு விடை ரண வைத்தியரே ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனி சொல்லவேண்டும். சில நோய்கள் காத்திருக்கும், சில காத்திரா. அடைபட்ட குடலுக்கும் பீறிய குடலுக்கும் ஸைக்கிளைக் காட்டுவது பேதைமை.

செலவைப்பற்றி ஒரு வார்த்தை. முகமூடியும் வாயு அளக்கும் கருவியும் விலையுயர்ந்தவை. அவற்றை நடத்தப் பழகியவர்களும் வேண்டும். பெரிய நகரங்களிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் அவற்றை வாங்கட்டும். தாலூகா ஊர்களிலுள்ளவை அதற்காகக் காத்திருக்கவேண்டுவதில்லை. எல்லோரையும் பன்னிரண்டு கேள்வியாலும் ஆறு நிமிஷ நடையாலும் சலித்தெடுத்து, ஐயத்திற்கிடமானவர்களை மட்டும் ஸைக்கிளுக்கு அனுப்புவதே வறிய நாட்டிற்கு ஏற்ற முறை. "பிட்னஸ்" தாளில் நடந்த தூரத்தை எழுதுவதற்கு ஒரு வரி சேர்த்தால், அவ்வரியை வெறுமையாய் விட்டுக் கையெழுத்திட வைத்தியரின் கை சற்றுக் கூசும். இச்சிறு மாற்றத்திற்குக் கருவி வேண்டாம், அச்சுக்கூடம் போதும்.

நம் கலாசாலையின் பழைய மாணவர் ஒருவர் சிறியதோர் ஊரில் ரண வைத்தியராயிருக்கிறார். சென்ற டிசம்பர் மாதம் அவரைக் காணச் சென்றபோது, ஆஸ்பத்திரியின் பின்புறத் தாழ்வாரத்தை 30 மீட்டருக்கு அளந்து, இரு முனையிலும் பூந்தொட்டி ஒன்று வைத்து, தரையில் மூன்று மீட்டருக்கு ஒரு கோடாகச் சுண்ணாம்பிட்டிருப்பதைக் காட்டினார். நர்ஸ் ஒருவர் கையிற் கடிகாரத்தோடு நடுவில் நின்றார். சால்வை போர்த்த முதியவர் ஒருவர் அப்போதுதான் மூன்றாம் முறை திரும்பிக்கொண்டிருந்தார். அவர் மனைவி தொட்டியருகில் நின்று, "மெல்ல, மெல்ல" என்றும், நர்ஸ், "விரைவாக, பாட்டா, விரைவாக" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாளொன்றுக்கு எத்தனை பேர் இங்கே நடக்கிறார்கள் என்று நண்பரைக் கேட்டேன். "இரண்டு மூன்று நோயாளிகள், அவர்களோடு துணைக்கு வந்தவர்களிற் சிலரும் சும்மா நடந்து பார்க்கிறார்கள்" என்றார்.